நடுவில் விழும் பந்து

ஆனந்தலட்சுமியின் ஃபோர்ஹேண்டைப் பற்றிக் கருத்துச் சொல்லாத ஆள் அந்த கிளப்பில் கிடையாது. ராக்கெட்டைப் பிடிக்கிற பிடி சரியில்லை என்றார் ஒருவர். பிடியெல்லாம் சரிதான், மணிக்கட்டுதான் ஆடுகிறது என்றார் இன்னொருவர். ராக்கெட்டின் நரம்பை இன்னும் கொஞ்சம் இறுக்கிக் கட்டினால் பந்து வெளியே போகாது என்று, சீட்டுக்கட்டைத் தவிர வேறு எதையும் கையில் பிடித்தறியாத ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் சொன்னார். அவள் எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். பல் டாக்டருக்கு அந்தப் பொறுமை இல்லாவிட்டால் ஆகாது. வாயை ஆவென்று திறந்துவைத்துக்கொண்டே தன் வியாதிக்குத் தானே காரணம் சொல்கிறவர்களோடுதான் அவளுக்குப் பகல் முழுக்கப் பாடு.

டென்னிஸ் ஆட வருகிறவர்கள் முதலில் கற்றுக்கொள்கிற அடி ஃபோர்ஹேண்டுதான். வலது கைக்காரர் தன் வலப்பக்கம் வரும் பந்தை உள்ளங்கை முன்னே பார்க்க வீசி அடிப்பது. இடப்பக்கம் வருகிற பந்தை அடிப்பது பேக்ஹேண்டு. பலருக்கும் தகராறு செய்கிற அந்த பேக்ஹேண்டு ஆனந்தலட்சுமிக்கு வெண்ணெயாக வரும். குழந்தைகளுக்குக்கூட வருகிற ஃபோர்ஹேண்டுதான் காலை வாரும். ஒன்று, பந்து வலையில் முட்டும். இல்லையென்றால் பின்கோட்டைத் தாண்டி, கம்பிவேலியையும் தாண்டி, பக்கத்து மரச்சீனி விளையில் போய் விழும். அந்த விளைக்காரர் வருஷா வருஷம் கிழங்கோடு சேர்த்துப் பந்தும் பறிக்கிறார் என்று கிளப்பில் ஒரு பேச்சு உண்டு.

ஞாயிற்றுக்கிழமை மிக்ஸட் டபிள்ஸில்தான் ஊர் அவள் ஆட்டத்தைப் பார்க்கும். ஆண் ஒருவர், பெண் ஒருவர் என இந்தப் பக்கம் ஒரு ஜோடி, அந்தப் பக்கம் ஒரு ஜோடி. ஆனந்தலட்சுமிக்கு ஜோடி அவள் கணவன் சுனில்குமார். நெய்யாற்றின்கரை கோர்ட்டில் வக்கீல், கிளப்புக்குச் செயலாளர், தன் பேக்ஹேண்டின் மேல் அளவுகடந்த காதல் கொண்டவன். வலையைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் அவள், வலப்பக்கம் அவன். இப்படி நின்றால் நடுவில் விழும் பந்து நியாயப்படி அவளுடைய ஃபோர்ஹேண்டுக்குச் சேர வேண்டியது. ஆனால் சுனில்குமார் தன் பேக்ஹேண்டைத் தூக்கிக்கொண்டு நடுவுக்குப் பாய்ந்து வருவான். பாதிப் பந்து அவனே அடிப்பான். மீதிப் பாதியில் கடைசி நொடியில் மனம் மாறி நின்றுவிடுவான். அந்தப் பந்துதான் மரச்சீனி விளைக்குப் போவது.

ஓணப் போட்டியின் அரையிறுதியில் எப்படியோ தட்டுத்தடுமாறி ஜெயித்துவிட்டார்கள். திரும்பும்போது காரில் சுனில்குமார் ரொம்ப நல்லவனாகப் பேசினான். அவன் அப்படிப் பேசினாலே ஏதோ வரப்போகிறது என்று அர்த்தம்.

"ஃபைனல் முடியட்டு ஆனந்தி. பிறகு நாகர்கோவில்ல கிளப்புகளுக்க மாட்ச் உண்டுல்லா. அதுக்கு நான் நீதுவைக் கூட்டீட்டுப் போலாம்னு நினைக்கேன். உனக்கும் கிளினிக்கில பிடிப்பது வேலை, மூச்சுவிட நேரமில்ல. ரெஸ்ட் எடு."

நீது பேங்குக்கு மாற்றலாகி வந்திருக்கும் பெண். நன்றாக ஆடுவாள். அதில் ஆனந்தலட்சுமிக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

"என்னத்துக்கு நீது?" என்று கேட்டாள்.

"உனக்க ஃபோர்ஹேண்டு வச்சு அங்க போனா மானம் போவும். நான் சொல்லல, ஊரு சொல்லுது."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோபம் வந்தது; கோபத்தைவிட அதிகமாக வலித்தது. வீட்டில் அவன் சொல்வதை அவள் செய்கிறாள். பாறசாலையில் அவளுடைய கிளினிக்கில் அவள் வைத்ததுதான் சட்டம், அங்கே அவன் எட்டிப் பார்ப்பதில்லை. இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று, ஒரே திசையைப் பார்த்து, ஒரே காரியத்துக்கு ஓடுகிற இடம் அந்த சிமென்ட் தரை ஒன்றுதான். அதையும் ஒரு நல்ல வார்த்தையில் பொதிந்து பறித்துக்கொள்கிறான். விடுவதில்லை என்று காரிலேயே தீர்மானித்துவிட்டாள். தீர்மானித்தபின் அவள் மனம் லேசாகிவிடும். அது அவளுடைய சுபாவம்.

மறுநாள் காலையில் கிளப்பின் கோச் சஜினைப் போய்ப் பார்த்தாள். அவன் கையோடு ராக்கெட்டை எடுத்துக்கொண்டு வந்தான்.

"டாக்டரே, பிடியில இருந்து ஒக்க ஆதியே தொடங்கி மாத்துவோம், கேட்டியளா?"

"ஒண்ணும் மாத்தண்டாம். எனக்கு ரெண்டு வீடியோ வேணும். இப்ப நீயும் நானும் சிங்கிள்ஸ் ஆடுவோம், அதை எடு. நேத்தத்த மாட்ச் நீ எடுத்தது உண்டுல்லா, அதையும் அனுப்பு."

"சிகிச்சைக்கு முன்ன எக்ஸ்-ரே ஆக்கும்," என்று சிரித்தான் சஜின். ஃபோனை வேலிக் கம்பியில் செருகி வைத்துவிட்டு ஆடினான்.

அன்று கிளினிக்குக்குப் பக்கத்து ஊரான காரோட்டிலிருந்து ஒரு பெண் வந்தாள். கீழ்த்தாடையைக் கையால் தாங்கிக்கொண்டு, கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியே தீர வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். ஆனந்தலட்சுமி கீழ்ப் பல்லைத் தட்டினாள். ஒன்றும் இல்லை. மேல் பல்லைத் தட்டினாள். அந்தப் பெண் நாற்காலியிலிருந்து ஒரு முழம் எழும்பினாள். வலி கீழே, சொத்தை மேலே. இது அடிக்கடி நடக்கிறதுதான். வலிக்கிற இடத்தைப் பிடுங்கிக்கொண்டே போனால் கடைசியில் பொக்கைவாய்தான் மிஞ்சும். அவளுக்கு மருந்து வைத்து அனுப்பிவிட்டு, அடுத்த ஆள் உள்ளே வருவதற்குள் ஆனந்தலட்சுமி ஃபோனை எடுத்து வீடியோவைப் பார்த்தாள்.

சிங்கிள்ஸில் ஆடுகிற ஆனந்தலட்சுமி வேறு பெண்ணாக இருந்தாள். பந்து வலப்பக்கம் வருவது தெரிந்ததுமே அவளுடைய இடது கை முன்னால் நீண்டு, உடம்பின் குறுக்கே வலப்பக்கம் போகிறது. கை போனதும் தோள் தானாகத் திரும்புகிறது. தோள் திரும்பியதும் ராக்கெட் பின்னால் போய், பந்தை உடம்புக்கு முன்னாலேயே சந்திக்கிறது. பந்து நறுக்கென்று கோட்டுக்குள் விழுகிறது. டபிள்ஸில் அந்த இடது கை எங்கேயும் போகவில்லை. டீ-ஷர்ட்டின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு வயிற்றோடு ஒட்டி நிற்கிறது. தோள் திரும்பவில்லை. பந்து இடுப்பைத் தாண்டிப் பின்னால் போனபிறகு கை மட்டும் தனியாகப் போய் அதைத் துழாவுகிறது.

பிடியும் இல்லை, மணிக்கட்டும் இல்லை, நரம்பும் இல்லை. வலி வலது கையில், சொத்தை இடது கையில். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அதே கை ஓர் ஆட்டத்தில் நீளுவதும் இன்னோர் ஆட்டத்தில் ஒட்டிக்கொள்வதும் ஏன் என்று பிடிபடவில்லை. அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

அது பிடிபட்டது மறுநாள் அடுக்களையில். வலது கையில் கரண்டியோடு தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். மாமியார் உமையம்மாள் ஓரமாக உட்கார்ந்து உள்ளி உரித்துக்கொண்டிருந்தார். மேசையில் இருந்த சுனில்குமார் மிளகாய்ப்பொடி கேட்டான். அவள் இடது கையால் டப்பாவை எடுத்து நீட்டினாள். அவன் வாங்கவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. ஃபோனைப் பார்த்துக்கொண்டே சும்மா இருந்தான். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். டப்பாவை வலது கைக்கு மாற்றி நீட்டினாள். வாங்கிக்கொண்டான்.

இடது கையால் யாருக்கும் எதையும் நீட்டக்கூடாது. கட்டினவனுக்கு நீட்டவே கூடாது. அவள் பிறந்த வீட்டிலும் அதே சட்டம், இந்த வீட்டிலும் அதே சட்டம். யாரும் யாரையும் அதட்டிச் சொல்லிக்கொடுத்ததில்லை. இப்படி வாங்காமல் இருந்து இருந்தே எல்லோரும் படித்துக்கொண்டது. உமையம்மாள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

ஆனந்தலட்சுமி கரண்டியைத் திரும்ப எடுத்தாள். எடுத்தவள் அப்படியே நின்றாள். ஃபோர்ஹேண்டு அடிக்கத் திரும்பும்போது அவளுடைய வலப்பக்கம் நிற்பது யார்? அவன். இடது கையை எந்தப் பக்கம் நீட்ட வேண்டும்? அவனுக்கு நேராக.

"ஆனந்தி, தோசை கரியுது," என்றார் உமையம்மாள்.

"கரியட்டு அத்தை," என்றாள் அவள். அந்த வீட்டில் இதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. உமையம்மாள் உள்ளியைக் கீழே வைத்துவிட்டு மருமகளை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார்.

அவள் முதலில் நேர்வழியில்தான் போனாள். காரில் ஏறப்போன கணவனை நிறுத்தினாள்.

"அத்தான், நடுவில வாற பந்து எனக்க ஃபோர்ஹேண்டாக்கும். அதை எனக்கு விடணும்."

"விட்டா நீ வெளிய அடிப்ப."

"நீங்க குறுக்க ஓடி வாறதுனாலதான் நான் வெளிய அடிக்கேன்."

"நீ வெளிய அடிக்கிறதுனாலதான் நான் ஓடியே வாறேன்."

வக்கீலோடு வாதாடி என்ன ஆகப்போகிறது. வழக்கை ஒத்திவைத்துவிட்டு அவன் கோர்ட்டுக்குப் போய்விட்டான். அவனுடைய பழைய கறுப்புக் கோட்டு ஒன்று வீட்டில் ஆணியில் தொங்கியது. அவள் அதை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

கிளப்பில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி, சுனில்குமார் வழக்கமாக நிற்கும் இடத்தில் போட்டு, அதன் முதுகில் கோட்டை மாட்டினாள். சஜின் ஒரு கூடை நிறையப் பந்துகளோடு நின்று வாயைப் பிளந்து பார்த்தான்.

"இது என்னவாக்கும் டாக்டரே?"

"உனக்க செக்ரட்டரி. நடுவில பந்து போடு."

சஜின் போட்டான். அவள் இடது கையை நீட்டத் தொடங்கினாள். கோட்டைப் பார்த்ததும் கை பாதி வழியில் மடங்கியது. பந்து வலையில் விழுந்தது. அடுத்த பந்தும் அப்படியே. தன் கைதான் என்று அவளுக்கே நம்ப முடியவில்லை. ஆள் இல்லை, வெறும் துணி. அதற்கே இந்தக் கை இத்தனை மரியாதை கொடுக்கிறதே என்று எரிச்சல் வந்தது.

"கோட்டு கடிக்காது டாக்டரே. சும்மா நீட்டுங்க," என்றான் சஜின்.

அவள் கண்ணை மூடி யோசித்தாள். கிளினிக்கில் முதலில் உள்ளே போவது எந்தக் கை? இடது கைதான். அதில்தான் சின்னக் கண்ணாடி இருக்கும். கலெக்டர் வாயானாலும் கண்ணாடி போய்ப் பல்லைக் காட்டினபிறகுதான் வலது கை உள்ளே போகும். அங்கே இந்தக் கை யாரிடமும் அனுமதி கேட்டதில்லை. இங்கேயும் அதன் வேலை அதுதான். முதலில் போய்ப் பந்தைக் காட்டுவது.

"போடு," என்றாள்.

கை நீண்டது. விரல்கள் கோட்டின் பொத்தானுக்கு நேராகப் போய் நின்றன. தோள் திரும்பியது. பந்து எதிர்ப்பக்கத்து மூலையில் போய் விழுந்து வேலியில் மோதியது.

"அடிபொளி!" என்று சஜின் கூவினான். "இதையே போடட்டா?"

"இதையேதான் போடணும்."

ஃபைனல் வரைக்கும் தினமும் காலையில் அந்தக் கோட்டு வெயில் காய்ந்தது. கடைசி நாட்களில் சஜின் நாற்காலியை அவளுக்கு இன்னும் பக்கத்தில் இழுத்துப் போட்டான். அவள் அசரவில்லை. தான் நன்றாக அடிக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. அது தெரிந்தபிறகு வேறு யாரும் வந்து சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. வீட்டில் மட்டும் ஒன்றும் பேசாமல், மிளகாய்ப்பொடியை வலது கையாலேயே நீட்டிவந்தாள்.

ஃபைனலில் எதிரே நின்றது பூவாரிலிருந்து வந்த மோகனனும் அவர் மனைவி குமாரியும். காயலில் சுற்றுலாப் படகு விடுகிறவர்கள். சிரித்துச் சிரித்து ஆடியே ஆளைக் கவிழ்க்கிற ஜோடி. வக்கீலும் டாக்டரும் எதிரே நின்றால் எப்படி ஆட வேண்டும் என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆட்டத்துக்கு முன்னால் குமாரி தன் கணவனிடம் சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது.

"எல்லாத்தையும் நடுவில போடுங்க. பிறகு அவங்க ரெண்டு பேரும் பேசித் தீத்துக்கிடட்டு."

முதல் செட் அப்படியே போனது. மோகனன் நடுவில் போட்டார். சுனில்குமார் பாய்ந்தான். சிலதை அடித்தான், சிலதை விட்டான், இரண்டு தடவை அவள் ராக்கெட்டிலேயே மோதினான். ஆனந்தலட்சுமியின் கை நீளவில்லை. நாற்காலியில் மாட்டிய கோட்டு வேறு, அதற்குள் ஆள் இருப்பது வேறு. மாமியார் குடை பிடித்துக்கொண்டு முன்வரிசையில் வேறு உட்கார்ந்திருந்தார். செட் போயிற்று. ஒரு பந்து மரச்சீனி விளைக்கும் போயிற்று.

இடைவேளையில் சுனில்குமார் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "சாரமில்ல ஆனந்தி, போனா போவட்டு. கடைசி மாட்ச்சுதானே. நடுவை நான் பாத்துக்கிடுதேன். நீ ஓரமா நில்லு, போதும்."

ஓரமா நில்லு. ராக்கெட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றாள்.

இரண்டாம் செட்டின் முதல் புள்ளியிலேயே பந்து நடுவில் வந்தது. குமாரியின் ராக்கெட்டைவிட்டுப் பந்து புறப்பட்டதுமே ஆனந்தலட்சுமியின் இடது கை விரைந்து நீண்டது. பேக்ஹேண்டோடு பாய்ந்து வந்த சுனில்குமாரின் நெஞ்சுக்கு நேராக ஓர் உள்ளங்கை நின்றது. களியக்காவிளை முக்கில் போலீஸ் கையைக் கண்ட லாரியாக அவன் சடக்கென்று நின்றுவிட்டான். அவள் தோள் திரும்பியது, ராக்கெட் வந்தது, பந்து மோகனனுக்கும் குமாரிக்கும் நடுவில் புகுந்து போயிற்று. இந்தத் தடவை பேசித் தீர்க்க வேண்டியவர்கள் அவர்கள்.

கிளப்பே சிரித்தது. சுனில்குமாரின் காது சிவந்தது.

"எனக்கு நேரா இடது கையை நீட்டுதியா?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டான்.

"உங்களுக்கு நேராத்தான். அதைத் தாண்டி வராதீங்க."

அவன் நியாயம் கேட்கிற மாதிரி அம்மாவைத் திரும்பிப் பார்த்தான். உமையம்மாள் குடையைச் சற்று உயர்த்தினார்.

"என்னை எதுக்குடே பாக்க? அவ கையை நீட்டினா பந்து உள்ள விழுது. நீட்டட்டு."

அடுத்த ஃபோர்ஹேண்டு வெளியே போனது. சுனில்குமார் வாயைத் திறந்தான். "அடுத்தது உள்ள விழும்," என்று அவள் முந்திக்கொண்டாள். விழுந்தது. அதற்கடுத்ததும் விழுந்தது. ஒரு தடவை பழக்கதோஷத்தில் அவன் பாய்ந்து வந்து, அவளுடைய உள்ளங்கையில் நெஞ்சு மோதி நின்றான். அவள் கையை எடுக்கவில்லை. பந்து வீணாயிற்று. புள்ளி போனாலும் பரவாயில்லை என்று அவள் நின்றாள். அதற்குப் பிறகு அவன் வரவில்லை.

அவன் வராமல் நின்றதில் இன்னொரு நன்மையும் நடந்தது. தன் பக்கத்தை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ள அவனுக்கு நேரம் கிடைத்தது. மோகனன் நடுவை விட்டுவிட்டு ஓரத்தில் போட்டுப் பார்த்தார். அங்கே சுனில்குமார் நின்றுகொண்டிருந்தான். அவன் மோசமான ஆட்டக்காரன் இல்லை. தன் இடத்தில் நிற்காததுதான் அவனுடைய வியாதி. இரண்டாம் செட் இவர்களுக்கு வந்தது. மூன்றாவதில் ஏறியும் இறங்கியும் போய், கடைசிப் புள்ளிக்கு வந்து நின்றார்கள்.

மோகனனுக்கு மூச்சு வாங்கியது. வேறு வழி தெரியாதபோது மனிதன் பழைய வழிக்குத்தானே போவான். நடுவில் போட்டார்.

"ஆனந்தி, உனக்கு!" என்று ஒரு குரல் கேட்டது. சுனில்குமாரின் குரல். அந்தச் சொல்லை அந்தத் தரையில் அவன் முதல் தடவையாகச் சொன்னான். அவள் அதற்குக் காத்திருக்கவில்லை. இடது கை ஏற்கனவே நீண்டுவிட்டிருந்தது. பந்தை உடம்புக்கு வெகு முன்னாலேயே சந்தித்தாள். அது குமாரியின் காலடியில் விழுந்து எழும்பி, அவர் ராக்கெட்டைக் கொண்டுவருவதற்குள் பின்வேலிக்குப் போய்விட்டது.

வலையில் எல்லோரும் கைகுலுக்கினார்கள். "உங்க ஃபோர்ஹேண்டுக்கு என்ன வைத்தியம் பாத்திய டாக்டரே?" என்று குமாரி கேட்டார். "சொத்தையை எடுத்தேன்," என்றாள் ஆனந்தலட்சுமி. தாசில்தார் வந்து, நரம்பை இறுக்கிக் கட்டினது நல்லதாகப் போயிற்று என்று பாராட்டினார். அவள் அவருக்கும் தலையாட்டினாள்.

பெஞ்சில் வந்து உட்கார்ந்தபோதுதான் தாகம் தெரிந்தது. மனம் நிறைந்து இருந்தது. அழுகை வரும்போல இருந்தது, ஆனால் வரவில்லை. சுனில்குமார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். வலது கையில் ராக்கெட், தோளில் துண்டு. குனிந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து அவளிடம் நீட்டினான். இடது கையால்.

அவள் வாங்கவில்லை. ஒன்றும் சொல்லவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை. சும்மா இருந்தாள்.

அவன் அவளைப் பார்த்தான். பாட்டிலைப் பார்த்தான். தன் கையைப் பார்த்தான். அவன் முகத்தில் ஏதோ ஓடியது. சட்டென்று ராக்கெட்டைக் கீழே வைத்து, பாட்டிலை வலது கைக்கு மாற்றப் போனான்.

"வேண்டாம். அப்பிடியே தாங்க," என்று சொல்லித் தன் இடது கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டாள்.

அவள் குடித்து முடிக்கும்வரை அவன் நின்றான். பிறகு தொண்டையைக் கனைத்தான்.

"நாகர்கோவில் மாட்ச்சுக்கு... நீதுகிட்ட நான் பேசிக்கிடுதேன். நாம ரெண்டு பேரும் போவோம். என்ன?"

"போலாம்."

"அங்க நான் எந்தப் பக்கம் நிக்க?"

"எப்பவும் நிக்கிற பக்கம்தான்," என்றாள் ஆனந்தலட்சுமி, பாட்டிலை மூடிக்கொண்டே. "எனக்க கை நீளுறதுக்கு இடம் விட்டு நில்லுங்க."